ரயில்வே பக்கம் நிற்கும் வக்கீல் எதை எதிர்த்து வாதாடுகிறார்?

அமெரிக்காவில் கார் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குக் கை முறிந்தால், தப்பு யார் மேல் என்று யாரும் கேட்பதில்லை. மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி மருத்துவச் செலவும் சம்பளத்தில் ஒரு பங்கும் வந்துவிடும். அதே கை ரயில்வே யார்டில் முறிந்தால் அந்த வழி கிடையாது. ரயில்வே தொழிலாளிக்கு இருப்பது 1908-ல் வந்த தனிச் சட்டம். கூட்டாட்சி முதலாளி பொறுப்புச் சட்டம் என்பது பெயர், சுருக்கமாக ஃபீலா (FELA) என்பார்கள். அதன்படி அவர் தன் கம்பெனி மேலேயே வழக்குப் போட வேண்டும், கம்பெனி கவனக்குறைவாக இருந்தது என்று ஜூரிக்கு, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு, காட்டவும் வேண்டும். காட்டிவிட்டால் கிடைக்கும் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. காட்ட முடியாவிட்டால் ஒரு காசும் இல்லை.

இப்படி ஒரு சட்டம் நூறு வருடத்துக்கும் மேலாக நடைமுறையில் இருப்பதால், ரயில்வே கம்பெனிகளுக்காக மட்டுமே வாதாடும் வக்கீல்கள் ஒரு தனிக் கூட்டமாக வளர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய வேலையைத் தள்ளி நின்று பார்ப்பவர்கள் பொதுவாக ஒன்றை எதிர்பார்க்கிறார்கள்: ‘எங்கள் கம்பெனி தப்பு செய்யவில்லை’ என்று அவர் வாதாடுவார் என்று. விபத்து வழக்கில் சில சமயம் அப்படி நடக்கும். ஆனால் கல்நார், சிலிக்கா தூசு, டீசல் புகை என்று நோய் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சண்டை வேறு இடங்களில் நடக்கிறது. எந்த வருடம் நோய் தெரிந்தது, எந்த ஊர் நீதிமன்றம், எந்த டாக்டர் சொன்னார், எவ்வளவு தூசு. கடைசிக் கேள்விதான் என்னை மிகவும் உறுத்துவது. அதற்கு வருவதற்கு முன் சட்டம் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்று பார்த்துவிடலாம்.

1842-ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் பாஸ்டன்–வூஸ்டர் ரயில்வேயின் என்ஜின் டிரைவர் ஒருவரின் வழக்கு வந்தது. பாயின்ட்ஸ்மேன் தண்டவாளத்தைத் தவறாக மாற்றி வைத்ததில் என்ஜின் தடம்புரண்டு, டிரைவரின் கை போய்விட்டது. தலைமை நீதிபதி லெமுவல் ஷா வழக்கைத் தள்ளுபடி செய்தார். சக தொழிலாளியின் தவறுக்கு முதலாளி பொறுப்பல்ல, ஆபத்தான வேலை என்பதால்தானே கூடுதல் சம்பளம், அந்தச் சம்பளத்திலேயே ஆபத்தின் விலையும் அடங்கிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். டிரைவரின் சம்பளம் நாளுக்கு 2 டாலர். இந்த ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டு ரயில்வே வக்கீல்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் காலம் தள்ளினார்கள்.

அந்த அரை நூற்றாண்டில் நடந்தது சின்ன விஷயமல்ல. பெட்டிகளை இணைக்க அப்போது இரும்பு வளையமும் முளையும்தான். இரண்டு பெட்டிகள் மோதும் நேரத்தில் பிரேக்ஸ்மேன் நடுவில் நின்று கையால் முளையைச் செருக வேண்டும். 1889-ல் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில், 1888 ஜூனோடு முடிந்த வருடத்தில் 2,000-க்கும் மேற்பட்ட ரயில்வே தொழிலாளர்கள் இறந்ததையும் 20,000-க்கும் மேற்பட்டோர் காயம்பட்டதையும் சொல்லி, போரில் நிற்கும் சிப்பாய்க்கு இருக்கும் அளவு உயிராபத்து ஒரு தொழிலாளிக்கு இருப்பது நம் நாகரிகத்துக்கே அவமானம் என்று எழுதினார். 1893-ல் வந்த சட்டம் தானியங்கி இணைப்பையும் காற்று பிரேக்கையும் கட்டாயமாக்கியது. 1906-ல் முதல் பொறுப்புச் சட்டம் வந்தது. ஒரே மாநிலத்துக்குள் ஓடும் ரயில்களையும் அது தொட்டது என்பதால் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாநில எல்லை தாண்டும் போக்குவரத்துக்கு மட்டும் என்று திருத்தி 1908-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். 1912-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

(ரயில்வே வக்கீல் என்றாலே வில்லன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆபிரகாம் லிங்கன் 1850களில் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக்காகப் பல வழக்குகளில் ஆஜரானவர். ஒரு வரி வழக்கை ஜெயித்துக் கொடுத்துவிட்டு, 5,000 டாலர் ஃபீஸைக் கம்பெனி தர மறுத்தபோது அதன் மேலேயே வழக்குப் போட்டு வாங்கினார். ரயில்வேக்கு எதிராகவும் வாதாடியிருக்கிறார்.)

1908 சட்டம் ஷாவின் விதியைத் தூக்கி எறிந்தது. தொழிலாளி பக்கமும் தவறு இருந்தால் வழக்கு விழுந்துவிடாது, தவறின் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும், அவ்வளவுதான். ‘ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்’ என்ற வாதத்துக்கு 1939-ல் வந்த திருத்தம் முடிவு கட்டியது. அப்புறம் 1957-ல் ரோஜர்ஸ் வழக்கு. மிசூரி பசிபிக் ரயில்வேயின் தொழிலாளி ஒருவர் தண்டவாளத்தின் ஓரத்தில் களையை எரித்துக்கொண்டிருந்தார். கடந்துபோன ரயிலின் காற்றில் தீ அவர் பக்கம் சீற, பின்வாங்கியவர் சிறுபாலத்தின் மேலிருந்த சரளைக் கல்லில் வழுக்கி விழுந்தார். காயத்தில் கம்பெனியின் கவனக்குறைவுக்கு ‘மிகச் சிறிய’ பங்கு இருந்தாலும் போதும், ஜூரி இழப்பீடு கொடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். இந்த வரியை மாற்ற ரயில்வே வக்கீல்கள் ஐம்பது வருடத்துக்கு மேல் முயன்றார்கள். 2011-ல் சிஎஸ்எக்ஸ் ரயில்வே கம்பெனிக்கும் ஷண்டிங்கில் கை அடிபட்ட ஒரு டிரைவருக்கும் நடந்த வழக்கில் 5–4 என்ற கணக்கில் தோற்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். அந்த வழக்கில் ஜூரி போட்ட மொத்தத் தொகை 2,75,000 டாலர். டிரைவர் மேலும் மூன்றில் ஒரு பங்கு தவறு என்று கழித்துக் கொடுத்தார்கள்.

அந்தக் கழித்தலில்தான் விபத்து வழக்கின் தினசரி வேலை இருக்கிறது. என்ஜினில் உள்ள பதிவுக் கருவி வேகம், பிரேக், ஹாரன் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கும். முன்பக்கக் கேமரா காட்சி இருக்கும். எந்தப் பாதுகாப்பு விதியில் தொழிலாளி எப்போது பயிற்சி பெற்றுக் கையெழுத்துப் போட்டார் என்ற தாள் இருக்கும். இவற்றையெல்லாம் அடுக்கி, தொழிலாளியின் பங்கு பத்து சதவீதமா நாற்பதா என்பதற்காக வாதாடுவார்கள். ஒரு எல்லை உண்டு. என்ஜின் ஆய்வுச் சட்டத்தையோ பாதுகாப்புச் சாதனச் சட்டத்தையோ கம்பெனி மீறியதால் காயம் என்று நிரூபணமானால் தொழிலாளியின் தவறுக்காக எதையும் கழிக்க முடியாது. லெவல் கிராசிங் விபத்துகளுக்கு வேறு சட்டம், வேறு வரலாறு. 1927-ல் நீதிபதி ஹோம்ஸ், சந்தேகம் இருந்தால் சாலையில் வண்டி ஓட்டி வருபவர் வண்டியை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று எழுதினார். இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஏறுவதற்குள் ரயில் வந்துவிடாதா என்ற கேள்வி ஏழு வருடம் கழித்து நீதிபதி கார்டோசோவுக்குத் தோன்றி அந்த விதி கைவிடப்பட்டது.

சரி, நோய் வழக்குகளுக்கு வருவோம். இவற்றின் தொடக்கம் 1949-ல் வந்த யூரி வழக்கு. நீராவி என்ஜினில் சுமார் முப்பது வருடம் ஃபயர்மேனாக இருந்தவருக்குச் சிலிகோசிஸ், அதாவது சிலிக்கா தூசால் வரும் நுரையீரல் நோய். ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். அந்த மணல் தூசு அவர் நிற்கும் இடத்துக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. ரயில்வே தரப்பு இரண்டு வாதங்களை வைத்தது. நோய் என்பது சட்டம் சொல்லும் காயம் ஆகாது. ஆகும் என்றாலும் தூசு நுரையீரலுக்குள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, மூன்று வருடக் காலவரம்பு எப்போதோ முடிந்தது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. உடம்புக்குள் தெரியாமல் வளர்ந்ததை அறியாத காலத்தில் வழக்குப் போடு என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல, நோய் வெளிப்பட்ட பிறகுதான் காலவரம்பு தொடங்கும் என்றது.

அந்தத் தோல்வியிலிருந்தே ரயில்வே வக்கீலின் முதல் ஆயுதம் பிறந்தது. நோயும் அதற்கு வேலைதான் காரணம் என்பதும் தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, மூன்று வருடம். அதனால் வழக்கு வந்ததும் தொழிலாளியின் முப்பது வருட மருத்துவக் காகிதங்களைக் கேட்டு வாங்குவார்கள். எப்போது முதலில் இருமல்? எந்த டாக்டர் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்? வேலையைப் பற்றிக் கேட்டாரா? கூட வேலை செய்த யாருக்காவது இதே நோய் வந்ததைக் கேள்விப்பட்டதுண்டா? யூனியன் நடத்திய கூட்டத்தில் கல்நார் பற்றிப் பேசினார்களா? குறுக்கு விசாரணையில் இவை சாதாரண நலம் விசாரிப்பு மாதிரிதான் வரும். ஒரு பதில் மூன்று வருடம் ஒரு மாதத்துக்கு முன்னால் போய் விழுந்தால் வழக்கு ஜூரியிடமே போகாது.

இரண்டாவது ஆயுதம் காரணம். டீசல் புகையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ரயில்வே நீராவியிலிருந்து டீசலுக்கு மாறியது பெரும்பாலும் 1945-க்கும் 1959-க்கும் இடையில். எரிக் கார்ஷிக் தலைமையிலான ஹார்வர்டு ஆய்வாளர்கள் ரயில்வே ஓய்வூதியப் பதிவுகளைக் கொண்டு சுமார் 55,000 தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓடும் ரயில்களில் வேலை செய்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் மற்றவர்களைவிட சுமார் 40 சதவீதம் அதிகம். 2012-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. இதோடு வழக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் அதே 2004 ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: வேலை செய்த வருடங்கள் கூடக் கூட மரண விகிதம் கூடவில்லை. ரயில்வே வக்கீல் ஜூரியின் முன் இந்த வரியைத்தான் எடுத்து வைப்பார். அப்புறம் சிகரெட். ‘டீசல் புகை புற்றுநோய் தரும்’ என்பது பொதுவான காரணம். ‘இவருக்கு வந்த புற்றுநோய் டீசல் புகையால் வந்தது’ என்பது குறிப்பிட்ட காரணம். முதலாவதை ஒப்புக்கொண்டே இரண்டாவதை மறுக்கலாம்.

1993-ல் உச்ச நீதிமன்றம் டாபர்ட் என்ற மருந்து வழக்கில், நிபுணர் சாட்சி எந்த முறையில் தன் முடிவுக்கு வந்தார் என்பதை நீதிபதியே முதலில் சோதிக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு தொழிலாளி பக்க டாக்டரை ஜூரி பார்ப்பதற்கு முன்பே வெளியேற்றுவது ரயில்வே வக்கீலின் முக்கிய வேலையாகிவிட்டது. அவர் டாக்டரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு? ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம்? எத்தனை மணி நேரம்? எத்தனை வருடம்? டாக்டரால் சொல்ல முடிவதில்லை. ஏனென்றால் ஷெட்டுக்குள் யாரும் அளந்து வைக்கவில்லை. கார்ஷிக் குழுவுக்கே 1980களில் எடுத்த அளவுகளை வைத்துத்தான் முந்தைய காலத்தை ஊகிக்க வேண்டியிருந்தது.

அளவு இல்லாதது யாருடைய குறை? என்ஜினும் ஷெட்டும் காற்றும் கம்பெனியுடையவை. அளக்கும் கருவி வாங்கப் பணமும் அளக்கச் சொல்ல அதிகாரமும் கம்பெனியிடம் மட்டுமே இருந்தன. தொழிலாளியிடம் இருந்தது வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும் என்ற நினைவு. அன்றைக்கு அளக்காதவர்கள் இன்றைக்கு ‘அளவு எங்கே?’ என்று கேட்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. கேட்கும் வக்கீல் சட்டத்தை மீறவில்லை, தன் கட்சிக்காரருக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்கிறார். கோளாறு சட்டத்தில் இருக்கிறது.

கல்நார் வழக்குகளில் இந்தச் சண்டை வேறு மாதிரி. மீசோதீலியோமா என்ற, பெரும்பாலும் நுரையீரலின் உறையில் வரும் புற்றுநோய் வந்தால் கல்நார்தான் காரணம் என்பதில் அநேகமாகத் தகராறு இருக்காது. எந்தக் கல்நார் என்பதில்தான் தகராறு. கடற்படையில் இருந்தாரா? கட்டட வேலை பார்த்தாரா? 2003-ல் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே, மற்ற முதலாளிகளின் பங்கைக் கழித்துவிட்டுத் தன் பங்கை மட்டும் தருவேன் என்றது. முழுத் தொகையையும் நீ கொடு, மற்றவர்களிடம் நீயே வசூலித்துக்கொள் என்றது உச்ச நீதிமன்றம். கல்நாரால் நுரையீரல் கெட்டவர், புற்றுநோய் வருமோ என்ற நியாயமான பயத்துக்கும் இழப்பீடு கேட்கலாம் என்றது. ஆனால் 1997-ல் மெட்ரோ நார்த் வழக்கில், நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் அடியில் குழாய்களின் கல்நார் உறையைப் பிரித்துப் பிரித்து உடம்பெல்லாம் வெள்ளைத் தூசு படிந்த தொழிலாளிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே அப்படி வேலை செய்தவர்களுக்குப் பனிமனிதர்கள் என்றே பெயர். நோய் இன்னும் வரவில்லையே என்பதுதான் காரணம்.

மூன்றாவது, டாக்டரின் நம்பகத்தன்மை. இங்கே ரயில்வே பக்கம் உண்மையான நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2005-ல் டெக்சாஸில் நீதிபதி ஜேனிஸ் ஜாக் சுமார் 10,000 சிலிகோசிஸ் மனுக்களை ஆராய்ந்தார். ஒரு சில டாக்டர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு நோய் இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதே ஆளுக்கு முன்பு கல்நார் நோய் என்று எழுதியதும் இருந்தது. பணத்துக்காகத் தயாரிக்கப்பட்ட நோய்கள் என்று அவர் எழுதினார். அந்த டாக்டர்களில் ஒருவரையும், தொழிலாளி பக்க வக்கீல்கள் சிலரையும் எதிர்த்து சிஎஸ்எக்ஸ் மேற்கு வர்ஜீனியாவில் மோசடி வழக்குப் போட்டது. 2012-ல் ஜூரி கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பொய் மனு ஒவ்வொன்றும் உண்மையில் மூச்சு விடமுடியாமல் இருப்பவரின் சாட்சியத்தையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க எதிர்த்தரப்பு வக்கீல் இல்லையென்றால் வேறு யாரும் இல்லை.

மான்டானா மாநிலத்தின் லிபி ஊரில் இது எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனி அங்கே 1990 வரை வெர்மிகுலைட் கனிமத்தைத் தோண்டியது. அந்தக் கனிமத்தோடு கல்நாரும் கலந்திருந்தது. ஊரின் நடுவில் இருந்த யார்டு வழியாகத்தான் ரயில்கள் அதை நாடெங்கும் கொண்டுபோயின. அந்தப் பாதை இப்போது பிஎன்எஸ்எஃப் ரயில்வேயுடையது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 2009-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது, அந்த முகமையின் வரலாற்றில் முதல் முறையாக. இறந்த இருவரின் குடும்பங்கள் போட்ட வழக்கு 2024 ஏப்ரலில் ஹெலெனாவில் ஜூரி முன் வந்தது. இருவரும் ரயில்வே தொழிலாளர்கள் அல்ல, ஊர்க்காரர்கள். அதனால் ஃபீலா இங்கே பொருந்தாது. ரயில்வே தரப்பின் வாதம்: பொதுச் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் என்ற முறையில் யார் சரக்கு கொடுத்தாலும் ஏற்றியே ஆக வேண்டும், உள்ளே கல்நார் இருந்ததைக் கிரேஸ் கம்பெனி எங்களிடம் சொல்லவில்லை. யார்டில் கொட்டிக் கிடந்த தூசு நோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று ஜூரி ஒவ்வொரு குடும்பத்துக்கும் 40 லட்சம் டாலர் கொடுத்தது. தண்டனைத் தொகை எதுவும் போடவில்லை. ஏற்றியே ஆக வேண்டும் என்ற சட்டக் கடமையை வைத்து ரயில்வே மேல்முறையீட்டுக்குப் போனது.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 2023-ல், லிபியில் கல்நார் நோயைக் கண்டறிந்து சொல்லிவந்த கிளினிக்கின் மேலேயே பிஎன்எஸ்எஃப் வழக்குப் போட்டு ஜெயித்திருந்தது. அரசு மருத்துவச் சலுகைக்காக 337 தவறான கோரிக்கைகள் கொடுத்ததாக ஜூரி சொன்னது. கிட்டத்தட்ட 60 லட்சம் டாலர் அபராதம். கிளினிக் திவால் மனு கொடுத்தது. டெக்சாஸ் டாக்டர்களையும் இந்த கிளினிக்கையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே நோய் தயாரிக்கப்பட்டது. லிபியில் நோய் இருந்தது, சவப்பெட்டிகளே சாட்சி. காகிதத்தில் தவறு இருந்தால் திருத்த வேண்டியதுதான். ஆனால் ஊரில் இத்தனை பேரைப் பரிசோதித்த இடத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர், அந்தப் பரிசோதனைகளால் தனக்கு எதிராக வழக்குகளைச் சந்திக்க வேண்டியவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

இடம் பற்றிய சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாநில நீதிமன்றத்தில் போட்ட ஃபீலா வழக்கை ரயில்வே கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்ற முடியாது. அதனால் தொழிலாளி பக்கம் எந்த மாநிலத்து ஜூரி தாராளமாகக் கொடுக்கும் என்று பார்த்துப் போடும். மான்டானாவில் நடக்காத விபத்துக்கு மான்டானாவில் வழக்கா என்று பிஎன்எஸ்எஃப் கேட்டு 2017-ல் ஜெயித்தது. 2023-ல், ஓஹையோவிலும் வர்ஜீனியாவிலும் வேலை செய்து குடல் புற்றுநோய் வந்த ஒருவர் பென்சில்வேனியாவில் போட்ட வழக்கில் நார்ஃபோக் சதர்ன் ரயில்வே தோற்றது. அந்த மாநிலத்தில் தொழில் செய்யப் பதிவு செய்தபோதே அங்கே வழக்குகளைச் சந்திக்கச் சம்மதித்துவிட்டாய் என்றது உச்ச நீதிமன்றம்.

கூட்டாட்சி விதி இருக்கும் இடத்தில் மாநிலச் சட்டம் பேசக்கூடாது என்ற வாதம் இன்னும் வலுவானது. 2002 ஜனவரியில் வடக்கு டகோட்டாவின் மைனாட் ஊருக்கு வெளியே கனடியன் பசிபிக் சரக்கு ரயில் தடம்புரண்டு ஐந்து தொட்டிகள் வெடித்து அம்மோனியா ஊர் மேல் பரவியது. ஒருவர் இறந்தார். நூற்றுக்கணக்கானோருக்குக் கண்ணும் மூச்சும் கெட்டன. தண்டவாள ஆய்வு பற்றிக் கூட்டாட்சி விதி இருக்கிறது, எனவே மாநிலச் சட்டப்படி வழக்கே போட முடியாது என்று வாதாடி ரயில்வே ஜெயித்தது. நாடாளுமன்றம் 2007-ல் சட்டத்தைத் திருத்தி, திருத்தம் 2002 ஜனவரி 18 முதல் செல்லும் என்று எழுதியது. அது அந்த விபத்து நடந்த தேதி. 2023 பிப்ரவரியில் ஓஹையோவின் ஈஸ்ட் பாலஸ்டைன் ஊரில் சரக்கு ரயில் தடம்புரண்டு வினைல் குளோரைடு என்ற ரசாயனம் எரிந்தபோது நார்ஃபோக் சதர்ன் ஜூரிவரை போகவில்லை. 60 கோடி டாலருக்கு ஊர்க்காரர்களோடு சமரசம் செய்துகொண்டது.

ஃபீலாவை எடுத்துவிட்டுத் தவறு பார்க்காத இழப்பீட்டு முறைக்குப் போகலாம் என்று ரயில்வே கம்பெனிகள் பல முறை கேட்டிருக்கின்றன. யூனியன்கள் ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டன. மறுப்பது சரி என்றே நினைக்கிறேன். உச்சவரம்பில்லாத தீர்ப்பு என்ற பயம்தான் யார்டைப் பாதுகாப்பாக வைக்கிறது என்று அவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், ‘எவ்வளவு?’ என்ற அந்தக் கேள்வியை மட்டும் மாற்றலாம். முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை. 1946-ல் மிச்சிகனின் மவுன்ட் கிளெமென்ஸ் பானைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதற்குச் சரியான பதிவு இல்லை. பதிவு வைக்க வேண்டியவர் முதலாளி. அவர் வைக்காதபோது தொழிலாளி நியாயமாக ஊகிக்கத்தக்க ஒரு கணக்கைக் காட்டினால் போதும், அது தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓவர்டைம் மணிக்கணக்குக்குக் கொடுத்த அந்தச் சலுகையை நுரையீரலுக்குள் போன தூசின் கணக்குக்கும் கொடுக்கலாம்.